ஊவாப் பாட்டு – 14: பின்னட்டையில் யார் பேர்?

போன வாரம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியதோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம், மன்மதன் எரிந்தானா இல்லையா என்று வாதாடுகிற எரிந்த கட்சி, எரியாத கட்சி லாவணிக்குப் போவதாகப் பேச்சு. அது ஒரு வாரம் பொறுக்கட்டும். பசறைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. "ஊர் ஊருக்குத் தன்தன் பாட்டை இறுவட்டாப் போட்டு, மேடை கட்டி, விழா எடுத்து வெளியிடுறாங்க. நம்ம தப்புக்கும் தாலாட்டுக்கும் எப்ப சார் அப்படி ஒரு நாள் வரும்?"

நியாயமான கேள்வி. பாதிப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. அப்படி ஒரு விழா நடந்துவிட்டது. ஆனால் நடந்தது பதுளையில் இல்லை, சென்னையில். 2024இல் ராப் பாடகர் அறிவு வெளியிட்ட ஆல்பத்தின் பேர் 'வள்ளியம்மா பேராண்டி'. அந்த வள்ளியம்மாள் யார் என்று கேட்டால் கதை நேராக நம் லயத்து வாசலுக்கு வந்துவிடும். அறிவின் பாட்டி அவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய கை. பிறகு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர்.

அறிவு அரக்கோணத்துக்காரர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர். அந்தக் குழு 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. சாவு வீட்டு வாசலில் விடிய விடியக் கானா பாடிய பையன்கள், கோட்டும் சூட்டுமாக ராக் இசைக்காரர்களோடு சரிக்குச் சரி நின்றார்கள். சாவுக்கு மட்டும் கூப்பிடப்பட்ட இசையை ஊர் கூடி நிற்கிற கச்சேரியாக்கிய ராத்திரி அது. தமிழ்நாட்டில் பறைக்கும் அதற்குப் பிறகு நல்ல காலம்தான். அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

2021 மார்ச் 7ஆம் தேதி 'என்ஜாய் எஞ்சாமி' வெளியானது. பாடியவர்கள் தீயும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். நிலமில்லாமல் கப்பலேறிப் போய், காட்டை வெட்டித் தோட்டமாக்கி, அங்கேயும் நிலமில்லாமல் திரும்பி வந்த கதைதான் அதன் உயிர். அந்தக் கதையைப் பேரனுக்குச் சொன்னவர் வள்ளியம்மாள். யூடியூப்பில் மட்டும் நாற்பது கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு. நம் லயங்களிலும் ஆட்டோக்களிலும் கல்யாண வீடுகளிலும் அது போட்ட போடு உங்களுக்கே தெரியும். பக்கத்திலேயே இன்னொரு தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், 2021 மார்ச் 5ஆம் தேதிதான் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி அறிவித்தல் வந்தது. வருஷக்கணக்காகத் தெருவில் நின்று கேட்ட ஆயிரம். பாட்டி பட்ட பாடு உலகமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது, பாட்டியின் வேலையை இன்றும் செய்கிறவளுக்குக் கிடைத்த கூலி அது. அதிலும் கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம்தான்.

இனிதான் நமக்கு வேண்டிய இடம். பாட்டு ஓடிய பிறகு மூன்று தடவை அதன் பேரில் பிரச்சினை வந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு பிரபல இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டைப்படம் போட்டது. தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்ட பிறகு அறிவுக்கு டிஜிட்டல் அட்டை ஒன்று வந்தது. 2022 ஜூலை 28ஆம் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. இந்தப் பாட்டை எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தான்தான், ஏறத்தாழ ஆறு மாதம் அதற்காகத் தூக்கம் கெட்டது என்று அறிவு எழுதினார். அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார், பாட்டின் உரிமையும் வருமானமும் மூன்று பேருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் சொன்னார். மூன்றாவதாக 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், மூன்று வருஷமாகியும் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று வெளியே சொன்னார்.

இந்த மூவரில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. எனக்குப் படுவது வேறு. படித்த, பேர் தெரிந்த, கேமரா முன்னால் நின்ற கலைஞர்களுக்கே பேரிலும் பணத்திலும் இந்தக் கதி என்றால், நம் தோட்டத்துத் தப்புக்காரருக்கும் ரதிக்கு ஒப்பாரி கட்டும் வாத்தியாருக்கும் என்ன கதி? அதே 2024இல் அறிவு தன் ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது தன் பேரைப் பின்னால் தள்ளிப் பாட்டியின் பேரை முன்னால் வைத்தார். என் கணக்கில் அந்த ஆல்பத்தின் பெரிய காரியம் அந்தத் தலைப்புதான். பாட்டுகளைப் பற்றி எனக்குக் கலவையான அபிப்பிராயம் உண்டு. தலைப்பைப் பற்றி இல்லை.

வள்ளியம்மாள் போன்றவர்கள் எப்படிப் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இளைய வாசகர்களில் பலருக்கு இது பாடப்புத்தகத்து வரியாகத்தான் தெரியும். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இரண்டு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கு போடப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1947 தேர்தலில் இதே பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, ஓட்டுப் போட்ட சனத்தை நாடற்ற சனமாக்கியது. அங்கே தொடங்கியதுதான் பிறகு பதுளை ரயில்வே ஸ்டேஷன் மேடையில் வந்து முடிந்தது. பண்டாரவளை வரை 1894இலேயே வந்துவிட்ட தண்டவாளம், பதுளைக்கு 1924 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து லொறியில் தட்டுமுட்டுச் சாமானோடு வந்தவர்களுக்கு இங்கேதான் கோச்சி. பொல்காவலை வழியாகத் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். 1984இல் கப்பல் நிற்கும் வரை இதுதான் பாதை. தாய், மகள் இரண்டு பட்டியலில் இரண்டு நாட்டுக்காரிகளாகி, கோச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்ததைப் பார்த்த சனம் இன்றைக்கும் பதுளையில் இருக்கிறது. சாவுக்கு மட்டுமே பாடுகிற பாட்டை உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பாடினார்கள்.

போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுபடியும் தேயிலை, மறுபடியும் லயம். பாட்டும் கூடவே போனது. அதற்கு யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. நம் பாட்டை இறுவட்டாக்க நினைக்கிறவர்கள் பதுளையோடு நிற்காமல் கூடலூர் வரை போக வேண்டும் என்பது இதனால்தான். இங்கே மறந்த ஓர் அடி அங்கே ஒரு கிழவி வாயில் இருக்கலாம்.

இனி நம் முற்றத்துக்கு வருவோம். பதுளைக்கும் பசறைக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் நான் பார்த்த காமன் ராத்திரி. டிவிஷன் பேர் வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன். மாசிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கோயில் முற்றத்து ஓரத்தில் கவ்வாத்து மிலாறைக் குவித்துத் தீ மூட்டியிருந்தார்கள். நாலு தப்பு தீயைப் பார்த்தபடி கல்லில் சாய்ந்திருந்தது. நம் மலையில் பனி இறங்கினால் தோல் தொய்ந்துவிடும். அடித்தால் ஈரச் சாக்கில் அடித்த சத்தம்தான் வரும். தப்புக்காரர்களில் மூத்தவர் ஒன்றை எடுத்து, நடுத்தோலில் பெருவிரலை வைத்து அழுத்தினார். நகத்தால் ஒரு சுண்டு. காதோரம் கொண்டுபோய்க் கேட்டார். பிடிக்கவில்லை. மறுபடி தீயோரம் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அதிகம் காட்டினால் தோல் கிழிந்துபோகும், குறைந்தால் சத்தம் வராது. அடுத்த சுண்டுக்குக் "கிண்" என்று ஒரு சத்தம் எழுந்தது. இடது கையில் சிம்புக்குச்சியும் வலது கையில் அடிக்குச்சியுமாக அவர் நிமிர்ந்தபோது, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் தானாக ஓடி வந்து வட்டம் கட்டின.

தொங்கல் காம்பராவில் ரதிக்கு வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். விரதம் இருந்த பையன். இரண்டு பெண்கள் சேலை மடிப்புச் சரியில்லை என்று அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மன்மதன் பீடி குடித்துக்கொண்டிருந்தான். சிவனுக்குக் காய்ச்சல் என்று ஒரு செய்தி வந்து, பிறகு பொய் என்று தெரிந்தது.

அடிகள் மாறிக்கொண்டிருந்த ஓர் இடைவெளியில் மூத்தவரிடம் கேட்டேன். "ஒரு ராத்திரிக்கு எவ்வளவு கிடைக்கும் மாமா?"

"குடுக்கிறத வாங்கிக்குவோம் தம்பி. கேட்டு வாங்கிற பழக்கம் எங்கப்பன் காலத்துலயே இல்ல."

"போன்ல எல்லாரும் பிடிக்கிறாங்களே?"

"புடிக்கிறாங்க. பேஸ்புக்குல வருதாம், எம் பேத்தி காட்டினா. தோட்டத்துப் பேரு வருது, புடிச்ச பையன் பேரு வருது. எங்க பேரு வரல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த அடிக்குக் கை போய்விட்டது.

டிவிஷன் பேரை ஏன் சொல்லவில்லை என்றால், தப்படிக்கிறது இன்னும் பல தோட்டங்களில் ஒரு சாதிக்காரர் தலையில் கட்டிய கடமை. சாமி புறப்பாட்டுக்குத் தப்பு வேண்டும், கல்யாணத்துக்கு வேண்டும், சாவுக்கு வேண்டும். ஒரு காலத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு ஆளைக் கூப்பிடவும் தப்புத்தான். ஆனால் அடித்து முடித்ததும் அந்த மனிதர் எங்கே உட்கார வேண்டும், யார் கையால் எதில் தேத்தண்ணி வாங்க வேண்டும் என்பதற்கும் எழுதாத சட்டம் உண்டு. இளைஞர்கள் சில இடங்களில் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்களைத் திட்டுகிறவர்கள் 'கலை அழிகிறது' என்று கவலைப்படுகிறார்கள். கலை அழியக் கூடாது என்றால் கலைஞனை மதிக்க வேண்டும், அவ்வளவுதான். அதே இளைஞர்கள் மேடையில், தாங்களாகத் தேர்ந்த உடையில், தங்கள் குழுப் பேரோடு அடிக்கும்போது எவ்வளவு சந்தோஷமாக அடிக்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி இன்னொன்றும் பார்த்தேன். கூத்து வாத்தியாரின் மடியில் ஒரு பழைய சீ.ஆர். கொப்பி. அட்டை இல்லை, தையல் பிரிந்து சாக்கு நூலால் கட்டியிருந்தது. எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை. தூதன் வரும் இடம், வீரபத்திரன் வரும் இடம், எமன் வரும் இடம் எல்லாம் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தது. முதல் பக்கத்தைக் காட்டினார். அங்கே பிள்ளையார் சுழிக்குக் கீழே, எழுதியவர் பேர், அவர் தோட்டம், டிவிஷன், வருஷம். அதற்கும் கீழே, 'இன்னார் மாணவன்' என்று வாத்தியாரின் வாத்தியார் பேர். எழுதியவரிடமிருந்து பார்த்து எழுதிக்கொண்டபோது இவர் தன் பேரை அந்த வரிசையின் கீழே சேர்த்திருந்தார். மூன்று தலைமுறை ஒரு பக்கத்தில்.

இறுவட்டின் பின்னட்டைக்கு வேறு என்ன மாதிரி வேண்டும்? கொழும்பிலிருந்து யாரும் வந்து கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. அரைகுறையாக எழுதத் தெரிந்த கூத்து வாத்தியார்கள் இந்த ஒழுங்கைக் காலங்காலமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். படித்த நாம்தான் 'நாட்டார் பாடல்' என்று ஒரு சாக்குப் பையைத் தைத்து, அதற்குள் எல்லார் பாட்டையும் போட்டு, வாயைக் கட்டிவிட்டோம். நாட்டார் என்றால் எல்லாருக்கும் சொந்தம், எல்லாருக்கும் சொந்தம் என்றால் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். கணக்கு இப்படிப் போகிறது.

சி.வி. வேலுப்பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவர் இல்லாவிட்டால் நம்மிடம் பாட்டே மிஞ்சியிருக்காது. 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர்; ஆனாலும் கொழுந்துக்காரிகள் பாடியதை எழுதி எடுத்துக்கொண்டே இருந்தார். அந்த உழைப்பு அவர் இறப்பதற்கு முந்திய வருஷம், 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமானது. அவர் காலத்தில் பாட்டைக் காப்பாற்றுவதே பெரிய காரியம். பாடியவரின் பேரைக் காப்பாற்றுவது நம் காலத்து வேலை. நம் கையில்தான் போன் இருக்கிறது.

பாடினவர் பேர் அட்டையில் நின்ற பாட்டும் நமக்கு உண்டு. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள், தொழிற்சங்கக் கூட்டங்களில் முதலில் பாடி, பிறகு பேசுவார். சினிமா மெட்டிலும் கும்மி மெட்டிலும் சொந்த வரிகளைக் கட்டினார். 1940இல் அவர் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று பாட்டுப் புத்தகம் போட்டார். துரைமாரின் ஆட்சியில் கூட்டத்துக்குப் போனாலே பத்துச்சீட்டுக் கிழியும், வேலை போகும் என்ற நாளில் ஒரு பெண் தன் பேரைப் போட்டு அச்சடித்தாள். அச்சடித்துக் கூட்டத்தில் பாடி விற்பது என்றால், இன்றைய கணக்கில் ஆல்பமும் கச்சேரியும் சேர்ந்த காரியம்.

வெளியே எப்படி என்று பார்த்தால், அமெரிக்காவிலும் இதே வழக்குத்தான். அங்கே அப்பலாச்சிய மலைப்பக்கத்துப் பழம்பாட்டுக்கு இன்றும் பெரிய மவுசு. பிடிலும் பான்ஜோவுமாகக் குழுக்கள் புது ஆல்பம் போடுவதும், அதைக் கொண்டாட ஊர் மண்டபத்தில் கச்சேரி வைப்பதும் அங்கே சாதாரணம். இதில் ஒரு பெரிய திருப்பம் 1927 கோடைக்காலம். ரால்ஃப் பியர் என்ற இசைத்தட்டுக் கம்பனிக்காரர் பிரிஸ்டல் என்ற சின்ன நகரில் ஒலிப்பதிவு இயந்திரத்தை இறக்கினார். மலையிலிருந்து வந்து பாடியவர்களில் கார்ட்டர் குடும்பம் முக்கியம். இசைத்தட்டு ஓடியதும் புதுப் பாட்டு வேண்டியிருந்தது. ஏ.பி. கார்ட்டர் வீடு வீடாகப் போய்ப் பழம்பாட்டுகளைச் சேகரித்தார். வரிகளை அவர் எழுதிக்கொள்வார். மெட்டைக் கேட்டு மனசில் பதித்துக்கொண்டு வந்து தருகிறவர் லெஸ்லி ரிடில், கால் ஒன்றை இழந்த கறுப்பினக் கிட்டார் கலைஞர். இசைத்தட்டில் பேர் கார்ட்டருக்கு, உரிமையும் கார்ட்டருக்கு. ரிடிலின் பேர் எந்தத் தட்டிலும் இல்லை. வெகுகாலம் கழித்து 1960களில்தான் அவரைத் தேடிப்போய்ப் பாடச்சொல்லிப் பதிவு செய்தார்கள்.

அதே நாட்டில் வேறு மாதிரியும் நடந்தது. 2005இல் மூன்று கறுப்பின இளைஞர்கள் 'கரோலைனா சாக்லெட் ட்ராப்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். வட கரோலைனாவில் ஜோ தாம்சன் என்ற எண்பது வயது தாண்டிய பிடில் கலைஞர் வீட்டுக்கு வாரா வாரம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். தங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர் என்று போகிற இடமெல்லாம் சொன்னார்கள். அவர்களின் 2010ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு அடுத்த வருஷம் கிராமி விருது கிடைத்தது. நம் கூத்து வாத்தியாரின் கொப்பி முதல் பக்கத்தை அவர்கள் வேறு வழியில் எழுதினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் பற்றிக் கொஞ்சம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பாட்டு யார் கட்டியது என்று தெரியாவிட்டாலும் அதை ஆற்றுகை செய்கிற கலைஞருக்கு உரிமை உண்டு என்கிறது. அவர் சம்மதமில்லாமல் பதிந்து விற்கக் கூடாது. அந்த உரிமை ஐம்பது வருஷம். நாட்டார் வழக்குகளை வியாபாரத்துக்கு எடுப்பதைக் கட்டுப்படுத்தவும் அதே சட்டத்தில் 24ஆம் பிரிவு இருக்கிறது. எந்தத் தப்புக்காரர் இதை வைத்து வழக்குப் போடப் போகிறார் என்று கேட்பீர்கள். போடமாட்டார். ஆனால் ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை.

ஒலிப்பதிவு செய்யப் போகிறவர்களுக்குச் சில விஷயம். தப்பைக் கொண்டுபோய்க் கதவு சாத்திய ஸ்டூடியோவில் அடிக்கச் சொல்லாதீர்கள். அங்கே அது தகரம் மாதிரிக் கேட்கும். அதற்கு முற்றம் வேண்டும், தீ வேண்டும், எதிரில் ஆட ஆள் வேண்டும். ஆடுகிறவன் காலைப் பார்த்துத்தான் அடி மாறுகிறது. ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று. தேயிலைக்கு அது வாசம் ஏற்றும்.  மைக்குக்கு அது எமன். மாசி மாதம் பதியுங்கள். கீபோர்டையும் எலக்ட்ரோனிக் தாளத்தையும் மேலே ஊற்ற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஊற்றாத ஒரு பிரதியையும் வைத்திருங்கள்.

ஒப்பாரியைப் பதியலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கூத்தில் ரதி பாடுகிற ஒப்பாரியைப் பதியலாம், அது வேஷம். சாவு வீட்டு ஒப்பாரி வேறு. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்கடுத்த நாட்களில் அங்கே எழுந்த குரல்களைத் தொலைக்காட்சிக் கேமராக்கள் பக்கத்தில் போய் நின்று பதிந்தன. பதிந்தவர்கள் அந்தப் பெண்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. எந்த ஆல்பத்திலும் அப்படி ஒரு தடம் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. அவர்களே ஒருநாள் பாட விரும்பினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே பசறை வாசகருக்கு என் பதில் இது. விழாவைப் பதுளையிலேயே வைப்போம். நகர மண்டபம் கிடைக்காவிட்டால் கோயில் முற்றம் போதும். முன்வரிசை நாற்காலி அமைச்சருக்கு முன்னால் தப்புக்காரருக்கும் கூத்து வாத்தியாருக்கும் ஆராரோ பாடிய அப்பாயிக்கும் போக வேண்டும். டிக்கெட் காசில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பது நோட்டீஸிலேயே அச்சாக வேண்டும். இந்த இரண்டும் இல்லாத விழாவுக்கு நான் வரமாட்டேன், நீங்களும் போகாதீர்கள்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில், பக்கத்துக் காம்பராவில், பாடத் தெரிந்த மூத்தவர் யாராவது இருந்தால், சம்மதம் கேட்டுப் போனில் பதியுங்கள். பாட்டுக்கு முன்னால் அவர் வாயாலேயே அவர் பேர், தோட்டம், டிவிஷன், அந்தப் பாட்டை யாரிடம் கற்றார் என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு தேதியை நீங்கள் சொல்லுங்கள். அப்புறம் பாடட்டும்.

(அடுத்த வாரம்: எரிந்த கட்சி, எரியாத கட்சி)